ட்ரிப்ஸ் ஏற்றினால் ஊக்கமருந்துக் குற்றமா? குத்துச்சண்டையின் 750 மில்லி தகராறு

ட்ரிப்ஸ் பாட்டிலில் இருப்பது உப்புத் தண்ணீர். கூடக் கொஞ்சம் வைட்டமின் கலந்திருக்கலாம். இரண்டுமே தடை செய்யப்பட்ட பொருள் கிடையாது, வாய் வழியாக எத்தனை லிட்டர் குடித்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அதே தண்ணீரை ஊசி போட்டு நரம்பில் ஏற்றினால் ஒரு விளையாட்டு வீரருக்கு ஊக்கமருந்து வழக்கில் இரண்டு வருடத் தடை கூட வரலாம். முதல்முறை கேட்பவர்களுக்கு இது அபத்தமாகத்தான் தெரியும். அபத்தம் இல்லை, காரணம் இருக்கிறது. அதேசமயம் தொழில்முறை குத்துச்சண்டையில் மட்டும் இந்த விதி எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்று கேட்டால் வக்கீல்களே தலையைச் சொறிவார்கள்.

பலர் 'ட்ரிப்ஸ் சட்டவிரோதமா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்' என்று கேட்கிறார்கள். 'யாருடைய சட்டப்படி?' என்று திருப்பிக் கேட்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. 2015-இல் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் மேவெதர் ட்ரிப்ஸ் போட்டுக்கொண்ட விஷயத்தில் நடந்த சண்டை முழுக்க இந்த எதிர்க்கேள்வியைப் பற்றித்தான்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை, அதாவது வாடா, வருடாவருடம் தடைப் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. அதில் பொருள்கள் மட்டும் இல்லை, முறைகளும் இருக்கின்றன. ரத்தத்தை எடுத்துப் பத்திரப்படுத்தி மறுபடி ஏற்றிக்கொள்வது ஒரு தடை செய்யப்பட்ட முறை, சிறுநீர் மாதிரியை மாற்றி வைப்பது இன்னொன்று. அந்தச் சிறுநீர்க் கலப்பட வேலை இருக்கும் பிரிவிலேயே, அடுத்த வரியில், நரம்பு வழித் திரவமும் வருகிறது. இன்றைய விதிப்படி 12 மணி நேரத்துக்குள் மொத்தம் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும் தவறு. 2018-க்கு முன்னால் இன்னும் கறார், 6 மணி நேரத்துக்கு 50 மில்லிதான். மருத்துவமனை சிகிச்சை, அறுவை சிகிச்சை, நோயறியும் பரிசோதனை ஆகியவற்றின் பகுதியாக முறையாக ஏற்றப்பட்டால் மட்டும் விலக்கு. போட்டி நாளில்தான் என்றில்லை, வருடம் முழுக்க இந்தத் தடை உண்டு.

100 மில்லி என்றால் அரை டம்ளர் கூட வராது. சாதாரணமாக மாட்டுகிற ட்ரிப்ஸ் பாட்டில் 500 மில்லி. ஆக, ஒரு பாட்டில் ஏற்றினாலே வரம்பைப் போல ஐந்து மடங்கு. உள்ளே என்ன இருந்தது என்ற கேள்வியே எழாது. உப்புத் தண்ணீரா, குளுக்கோஸா, வைட்டமின் சி-யா, எதுவானாலும் அளவு தாண்டினால் மீறல்தான். பாட்டிலுக்குள் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால் அது தனிக் கணக்கு, அதற்கு ஒரு சொட்டுக் கூட அனுமதி இல்லை.

சரி, தண்ணீருக்குப் போய் ஏன் இவ்வளவு கெடுபிடி? சைக்கிள் பந்தய வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் புரியும். இபிஓ என்ற ஹார்மோனை ஊசியாகப் போட்டுக்கொண்டால் ரத்தச் சிவப்பணுக்கள் பெருகும், ஆக்சிஜன் சுமக்கும் திறன் கூடும். ரத்தம் கெட்டியாகும் என்பது அதன் பக்கவிளைவு, மாட்டிக்கொடுக்கும் தடயமும் அதுதான். 1997-இல் சர்வதேச சைக்கிள் சங்கம் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் பந்தயத்தில் ஓட்டக்கூடாது என்று வரம்பு வைத்தது. எதிர்வேலை உடனே கண்டுபிடிக்கப்பட்டது: சோதனைக்குச் சற்று முன்பு ஒரு லிட்டர் சலைன் ஏற்று, ரத்தம் நீர்த்துப்போகும், எண்ணிக்கை கீழே வந்துவிடும். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் வழக்கில் 2012-இல் வெளியான அறிக்கையில் ஒரு காட்சி வருகிறது. 1998 உலக சாம்பியன்ஷிப்பின்போது சோதனை அதிகாரி வந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். அணி மருத்துவர் வெளியே போய் ஒரு லிட்டர் சலைனை மழைக்கோட்டுக்குள் மறைத்து, அந்த அதிகாரியைத் தாண்டியே உள்ளே கொண்டுபோய், படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு ஆம்ஸ்ட்ராங்குக்கு ஏற்றுகிறார். சக வீரர் ஒருவர் கொடுத்த சாட்சியம் இது.

இதெல்லாம் நடந்த பிறகு 'வெறும் தண்ணீர்தானே' என்று எந்த சோதனை அமைப்பாலும் சொல்ல முடியாது. 2001-இல் லாட்டியில் நடந்த உலக பனிச்சறுக்குப் போட்டியில் ஆறு ஃபின்லாந்து வீரர்கள் மாட்டியதும் கிட்டத்தட்ட இதே வகைக் காரியத்தில்தான். அவர்கள் பயன்படுத்தியது சலைன் இல்லை, ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பெருக்கும் ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச். அது பொருளாகவே தடை செய்யப்பட்டது, சோதனையில் தெரிந்தும் விடும். சலைன் அப்படி இல்லை. உப்பும் தண்ணீரும் எல்லோர் உடம்பிலும் இருப்பவை, ஆய்வகத்தில் பிரித்துக் காட்ட முடியாது. அதனால்தான் பொருளை விட்டுவிட்டு ஊசி போகும் வழியையும் அளவையும் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொரு பக்கம், சிறுநீர். உடம்பில் நீர் ஏறினால் சிறுநீர் நீர்த்துப்போகும், அதில் இருக்கும் எதுவானாலும் அதன் செறிவு குறையும். மாதிரி எடுக்க வருபவர்கள் சிறுநீரின் அடர்த்தியை அங்கேயே ஒரு சின்னக் கருவியில் அளப்பார்கள். பொதுவான வரம்பு 1.005. அதற்கும் கீழே இருந்தால் அந்த மாதிரி சோதனைக்கு லாயக்கில்லை என்று அர்த்தம், வீரர் இன்னொரு முறை தரும்வரை காத்திருப்பார்கள். அடர்த்தி சரியாக வரும்வரை வீரரின் வீட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதும் உண்டு.

அப்புறம் குத்துச்சண்டை எங்கே வந்து சேர்கிறது? எடை பார்க்கும் மேடையில்.

முன்பெல்லாம் சண்டை நடக்கும் நாளின் காலையிலேயே எடை பார்ப்பார்கள். 1980-களிலிருந்து அது முந்தின நாளுக்குப் போனது. உடம்பை வற்றவைத்துவிட்டு அதே நாளில் அடி வாங்கினால் ஆபத்து, ஒரு நாள் இடைவெளி கொடுத்தால் தண்ணீர் குடித்துத் தேறிக்கொள்வார்கள் என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் நடந்தது வேறு. தேறிக்கொள்ள 24 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்று தெரிந்ததும், அந்த நேரத்துக்கு ஏற்றபடி இன்னும் அதிகமாக வற்றவைக்கத் தொடங்கிவிட்டார்கள். நீராவிக் குளியல், உப்புக் கலந்த வெந்நீர்த் தொட்டி, பிளாஸ்டிக் உடுப்புப் போட்டுக்கொண்டு ஓட்டம், எச்சிலைத் துப்பித் துப்பி அதிலும் கொஞ்சம் எடை. தராசில் ஒரு மனிதன் ஏறுவான், வளையத்துக்குள் வேறொரு மனிதன் இறங்குவான். 2000 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆர்ட்டூரோ காட்டியும் ஜோயி கமாஷும் மோதியபோது ஒப்புக்கொண்ட எடை 141 பவுண்டு. சண்டை இரவில் தொலைக்காட்சிக்காரர்கள் வைத்த தராசில் காட்டி 160, கமாஷ் 145. கமாஷ் இரண்டாவது சுற்றில் விழுந்தார், மூளையில் காயம், அதன் பிறகு அவர் வளையம் ஏறவே இல்லை. பிறகு நியூயார்க் மாநில ஆணையத்தின் மேல் வழக்குப் போட்டார்.

இப்படி வற்றிய உடம்பை ஒரே இரவில் நிரப்ப ட்ரிப்ஸ் சுலபமான வழியாகத் தெரிவது இயல்பு. உண்மையில் அவ்வளவு லாபம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். 0.9 சதவீத சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. அது நரம்பில் போனதும் ரத்தக் குழாயிலேயே தங்கிவிடுவதில்லை, ஏறக்குறைய கால் பங்குதான் அங்கே நிற்கும், மீதி திசுக்களின் இடைவெளிக்குப் போய்விடும், பிறகு ஒரு பகுதி சிறுநீராக வெளியேறும். வாய் வழியாகக் குடிப்பது மெதுவானது என்று ஒரு நம்பிக்கை உண்டு. குடலில் சர்க்கரையும் சோடியமும் ஒன்றாக உறிஞ்சப்படும், தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும். வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைகளுக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் வேலை செய்வதும் இந்தக் கணக்கில்தான். வாந்தி இல்லாமல், நினைவோடு, ஒரு நாள் அவகாசத்தோடு இருக்கும் ஒருவருக்கு அந்தக் கரைசலையும் சாப்பாட்டையும் விட ட்ரிப்ஸ் பெரிதாக எதையும் கூடுதலாகக் கொடுத்துவிடாது. தசையில் தீர்ந்துபோன மாவுச்சத்து திரும்பச் சேர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும், அதைச் சலைனால் அவசரப்படுத்த முடியாது. உடற்பயிற்சிக்குப் பின் வரும் லேசான நீரிழப்பைச் சரிசெய்யவோ, சீக்கிரம் தேறவோ ட்ரிப்ஸ் போட மருத்துவக் காரணம் இல்லை என்று மருத்துவர்களுக்கான வாடா வழிகாட்டுதலே சொல்கிறது.

இந்தப் பின்னணியோடு 2015 மே 1-க்கு வரலாம்.

லாஸ் வேகஸ். மறுநாள் ஃபிளாய்ட் மேவெதரும் மானி பாக்கியாவும் மோதப்போகிறார்கள். பல வருடம் இழுத்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு நடக்கும் சண்டை, பேச்சு அத்தனை இழுத்ததற்கே ஒரு காரணம் ஊக்கமருந்துச் சோதனை எப்படி நடக்க வேண்டும் என்ற தகராறுதான். ஒலிம்பிக் தரத்தில் சோதனை வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் மேவெதர். இந்த விவரத்தை மறக்காதீர்கள், பிறகு வரும் எரிச்சலுக்கு இது முக்கியம். கடைசியில் சோதனையை அமெரிக்க ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையான உசாடா நடத்தும், வாடாவின் தடைப் பட்டியலே அளவுகோல் என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்டன. எடை எல்லை 147 பவுண்டு, அதாவது 66.7 கிலோ. மேவெதர் 146, பாக்கியாவ் 145.

எடை பார்த்த பிறகு மேவெதரின் வீட்டில் அவருக்கு ட்ரிப்ஸ் ஏற்றப்பட்டது. இரண்டு பாட்டில்: 250 மில்லி சலைனும் பல வைட்டமின்களும் ஒன்றில், 500 மில்லி சலைனும் வைட்டமின் சி-யும் இன்னொன்றில். மொத்தம் 750 மில்லி. அன்றைய வரம்பு 50 மில்லி என்பதால் இது பதினைந்து மடங்கு. மறுநாள் சண்டை, பன்னிரண்டு சுற்றும் போய் மேவெதர் புள்ளிகளில் ஜெயித்தார். அப்போது வெளியே யாருக்கும் இது தெரியாது. செப்டம்பரில் குத்துச்சண்டை எழுத்தாளர் தாமஸ் ஹவுசர் விரிவாக எழுதிய பிறகுதான் வெடித்தது.

ட்ரிப்ஸ் போட்டதை விட, அதற்கான அனுமதி வந்த விதம்தான் எல்லோரையும் உறுத்தியது. நோய்க்காகத் தடைப்பட்ட ஒன்றைப் பயன்படுத்த வேண்டி வந்தால் சிகிச்சை விலக்கு என்று ஒன்று கேட்டு வாங்கலாம். பொதுவாக அதை முன்கூட்டியே வாங்க வேண்டும், அவசரச் சிகிச்சை போன்ற சில நிலைகளில் பின்தேதியிட்டும் தருவார்கள். மேவெதருக்கான விலக்கு சண்டை முடிந்து ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து வந்தது, சோதனை முடிவுகள் எல்லாம் வெளியான பிறகு. உசாடாவின் விளக்கம் இப்படி: ட்ரிப்ஸ் போடுவதற்கு முன்பே மேவெதர் தங்களிடம் அதைத் தெரிவித்துவிட்டார், விலக்கு கொடுத்த உடனே நெவாடா ஆணையத்துக்கும் பாக்கியாவ் தரப்புக்கும் சொல்லிவிட்டோம், அதோடு நெவாடா விதிகளின்படி அப்போது ட்ரிப்ஸ் தடை செய்யப்பட்டதே இல்லை. மேவெதரும் எந்த விதியையும் மீறவில்லை என்று அறிக்கை விட்டார்.

நெவாடா மாநில விளையாட்டு ஆணையத்தின் நிர்வாக இயக்குநர் பாப் பென்னட்டுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. நெவாடாவில் விலக்கு கொடுக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு மட்டும்தான், உசாடா வெறும் சோதனை நடத்தும் அமைப்பு, மருத்துவமனையிலும் இல்லாமல் வீட்டில் வைத்து ஏற்றிவிட்டு எங்களுக்கு அப்போது சொல்லாமல் விட்டதை ஏற்க முடியாது என்பது அவர் நிலை.

இங்கேதான் 'யாருடைய சட்டப்படி' என்பதைக் கவனிக்க வேண்டும். தொழில்முறை குத்துச்சண்டைக்கு உலக அளவில் ஒரே தலைமை கிடையாது. டபிள்யூபிசி, டபிள்யூபிஏ, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நான்கு பெரிய பட்ட அமைப்புகள். அமெரிக்காவில் சண்டைக்கு உரிமம் கொடுப்பதும் தண்டிப்பதும் மாநில ஆணையங்கள். வாடாவின் விதித்தொகுப்பு தானாக யார் மேலும் வந்து உட்காராது, அதை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்ட அமைப்பின் கீழ் இருப்பவர்களைத்தான் கட்டும். பிரிட்டனில் அந்நாட்டு ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையோடு வாரியம் கைகோர்த்திருப்பதால் அங்கே உரிமம் வாங்கிய வீரருக்குக் கணக்கு நேரடி. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே உசாடாவோ வேறு அமைப்போ உள்ளே வந்தது ஒரு சண்டைக்கான ஒப்பந்தத்தின் வழியாக, அதற்கான பணமும் சண்டையை நடத்துகிறவர்கள் பக்கமிருந்து. ஆக, மேவெதருக்கு ட்ரிப்ஸ் தடையானது நெவாடா சட்டத்தால் அல்ல, அவரே கேட்டுப் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தால். அந்த ஒப்பந்தப்படி விலக்கு கொடுக்கும் இடத்தில் இருந்ததும் உசாடாதான். கொடுத்துவிட்டது. காகிதத்தில் கதை அங்கே முடிந்தது, மீறல் எதுவும் பதிவாகவில்லை.

காகிதத்தில் முடிந்தது என்றேன், எனக்கு ஒப்புதலான முடிவு என்று சொல்லவில்லை. பின்தேதி விலக்கு என்பது மயங்கி விழுந்தவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போகும்போது படிவம் நிரப்ப நேரம் இல்லையே என்பதற்காக வைத்த வழி. எடை பார்க்கும் நாளும் நேரமும் மாதக்கணக்கில் முன்பே தெரிந்த ஒரு சண்டையில், எல்லைக்கு ஒரு பவுண்டு கீழேயே வந்த, எடை குறைக்கத் திண்டாடாதவர் என்று பெயரெடுத்த ஒருவருக்கு அது எப்படிப் பொருந்தியது என்பதற்கு இன்றுவரை திருப்தியான விளக்கத்தை நான் படித்ததில்லை. மருத்துவத் தகவல் அந்தரங்கம், அதனால் முழுக் காரணம் வெளியே வரவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் இதை வைத்து 'மேவெதர் ஊக்கமருந்து எடுத்தார், தண்ணீரால் மறைத்தார்' என்று அடித்துச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அவருடைய மாதிரிகள் எதுவும் பாசிட்டிவாக வரவில்லை. மறைக்க ஒன்று இருந்தது என்பதற்கு ஆதாரம் தேவை, மறைக்க வழி இருந்தது என்பது ஆதாரம் ஆகாது.

அதே வாரக் கடைசியில் எதிர் மூலையில் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் நெவாடாவின் கோபம் முழுசாகப் புரியும். பாக்கியாவுக்கு வலது தோளில் காயம். வலி குறைக்கும் ஊசி மருந்துகளை அவர் தரப்பு உசாடாவிடம் தெரிவித்திருந்தது, அவை தடைப்பட்டவை அல்ல என்று உசாடாவும் சொல்லிவிட்டது. சண்டை இரவில் உடைமாற்றும் அறையில் ஊசி போடக் கேட்டபோது நெவாடா ஆணையம் மறுத்துவிட்டது. காயத்தைப் பற்றி ஆணையத்துக்கு யாரும் சொல்லவில்லை, சண்டைக்கு முந்தைய படிவத்தில் தோள் காயம் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்றே குறித்திருந்தது. உசாடாவிடம் சொன்னது ஆணையத்திடம் சொன்னது ஆகாது என்று ஒருவருக்குக் கண்டிப்புக் காட்டினார்கள். இன்னொருவர் விஷயத்தில் உசாடாவிடம் சொன்னதே போதுமானதாகிவிட்டது. ஒரே சண்டை, ஒரே இரவு, ஒரே உசாடா. பாக்கியாவ் ரசிகர்கள் கொதித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை.

மற்ற விளையாட்டுகளில் இதே குற்றத்துக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். பிரெஞ்சு கால்பந்து வீரர் சமீர் நஸ்ரி 2016 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தபோது உடம்பு சரியில்லை என்று 500 மில்லி வைட்டமின் ட்ரிப்ஸ் போட்டுக்கொண்டார். போட்ட நிறுவனம் அவரோடு எடுத்த படத்தை இணையத்தில் போட, மாட்டிக்கொண்டார். அவரும் பின்தேதி விலக்கு கேட்டார். ஐரோப்பிய கால்பந்துக் கூட்டமைப்பு மறுத்தது, லொசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றமும் கைகொடுக்கவில்லை. 2018-இல் முதலில் ஆறு மாதம், மேல்முறையீட்டில் பதினெட்டு மாதம் என்று தடை நீண்டது. அதே 2018-இல் அமெரிக்க நீச்சல் வீரர் ரயன் லாக்டிக்குப் பதினான்கு மாதம் தடை. அவர் ஏற்றியதும் தடையில்லாத பொருள்தான், அளவுதான் 100 மில்லியைத் தாண்டியது. கையில் ட்ரிப்ஸோடு இருக்கும் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டவரே அவர்தான்! விசாரித்தது வேறு யாரும் இல்லை, உசாடா.

கலப்புத் தற்காப்புக் கலை வீரர் பி.ஜே. பென் கதை இன்னும் பாவம். 2016-இல் தானாகவே உசாடா அதிகாரிகளிடம் ட்ரிப்ஸ் போட்டுக்கொண்டதைச் சொன்னார், அதற்கு ஆறு மாதம் உட்காரவைத்தார்கள்.

இந்த மூன்று பேரில் ஒருவருடைய சிறுநீரிலும் எதுவும் கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். படம், அல்லது வாய்வார்த்தை. முறையைப் பயன்படுத்தியதே மீறல் என்பதால் பாசிட்டிவ் முடிவு தேவையில்லை. 'டெஸ்டில் எதுவும் வரலையே' என்று மேவெதருக்காக வாதாடுபவர்கள் தப்பாகப் பிடித்துக்கொள்ளும் இடம் இது. சலைன் ஏற்றியதற்கு டெஸ்டில் வருவதற்கு ஒன்றும் இல்லை. இன்றைய வகைப்பாட்டில் இந்த மீறல் ஸ்டெராய்டு அளவுக்குக் கொடியது இல்லை என்றே வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார் என்று நிரூபிக்காதவரை தொடக்கத் தண்டனை நான்கு வருடம் இல்லை, இரண்டு. தவறின் அளவைப் பொறுத்து அதுவும் குறையும்.

இப்போது ஒரு குத்துச்சண்டை வீரர் எடை பார்த்துவிட்டு ஓட்டல் அறையில் ஒரு லிட்டர் ஏற்றிக்கொண்டால்? அவர் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இப்போது பெரிய சண்டைகளில் பெரும்பாலும் வருவது மார்கரெட் குட்மன் என்ற மருத்துவர் லாஸ் வேகஸில் தொடங்கிய தன்னார்வ ஊக்கமருந்து எதிர்ப்புச் சங்கம். 2016-லிருந்து டபிள்யூபிசி தன் தரவரிசை வீரர்களுக்கு இவர்கள் மூலம்தான் சோதனை நடத்துகிறது. இவர்களும் எடுத்துக்கொள்வது வாடாவின் பட்டியலைத்தான், ஆக ஒரு லிட்டர் ட்ரிப்ஸ் மீறல்தான். ஆனால் இந்தச் சங்கத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது, முடிவைச் சம்பந்தப்பட்ட ஆணையத்துக்கும் பட்ட அமைப்புக்கும் தெரிவிக்கும், அவ்வளவுதான். அப்புறம் அந்த ஆணையம் தன் விதிப்புத்தகத்தைத் திறந்து பார்க்கும். அதில் வாடாவின் பட்டியலைப் பொருளும் முறையும் சேர்த்து ஏற்றிருந்தால் தண்டனை, இல்லாவிட்டால் இழுபறி. கூடுதல் சோதனைக்கே ஒப்பந்தம் இல்லாத சின்ன அரங்குச் சண்டைகளில், மாநில ஆணையம் தடுக்காத இடத்தில், ட்ரிப்ஸ் போட்டவரைக் கேட்க ஆளே இல்லை. நிஜமாகவே மயங்கி, மருத்துவமனையில் சேர்த்து ஏற்றினால் எந்த விதிப்படியும் குற்றம் இல்லை. ஆனால் அந்த நிலையில் இருப்பவரை மறுநாள் அடி வாங்க அனுப்பலாமா என்பதை ஆணையத்தின் மருத்துவர் கேட்கத்தான் வேண்டும். வற்றிய உடம்பில் மூளையைச் சுற்றியுள்ள திரவமும் குறைந்து, அடி படும்போது ரத்தக்கசிவு ஆபத்து கூடுகிறது என்ற சந்தேகம் மருத்துவர்களிடம் நெடுநாளாக இருக்கிறது.

இதில் எதிர்த்தரப்பு வாதம் ஒன்று உண்டு, அதை லேசில் தள்ளக்கூடாது. எடை குறைப்பதைத் தடுக்காமல் ட்ரிப்ஸை மட்டும் தடுத்தால், வற்றுகிறவன் வற்றிக்கொண்டுதான் இருப்பான், மருத்துவர் கண்காணிப்பில் தேறும் வழி மட்டும் அடைபடும் என்கிறார்கள். கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டைகளை நடத்தும் யுஎஃப்சி நிறுவனம் 2015 அக்டோபரில் ட்ரிப்ஸுக்குத் தடை போட்டபோது வீரர்கள் எழுப்பிய கூச்சல் இதுவே. 2019-இல் யுஎஃப்சி தானே அதைத் தளர்த்தியது: மருத்துவக் காரணம் இருந்து, உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர் ஏற்றினால் தவறில்லை என்றாக்கினார்கள். தனியார் அமைப்பு, தன் விதியைத் தானே எழுதிக்கொள்ளலாம், எழுதிக்கொண்டது. நீச்சல் வீரருக்குப் பதினான்கு மாதம் வாங்கிக்கொடுத்த காரியம் கூண்டுச் சண்டை வீரருக்குப் பிரச்சினையே இல்லை என்பது கேட்க விசித்திரமாக இருக்கலாம், ஆனால் விதி என்பது அந்தந்த அமைப்பு எழுதியதுதானே.

என்னைக் கேட்டால், ட்ரிப்ஸைத் துரத்துவதை விட எடை பார்ப்பதற்கும் மணி அடிப்பதற்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைத் துரத்துவதுதான் உருப்படியான வேலை. அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் 1997 கடைசியில் எடை குறைக்கப் போய் மூன்று மாணவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகு எடை பார்ப்பதைப் போட்டிக்கு ஓரிரு மணி நேரம் முன்பு என்று நகர்த்திவிட்டார்கள். அவ்வளவு குறைந்த நேரத்தில் தேற முடியாது என்பதால் வற்றவைப்பதன் லாபமே போய்விடுகிறது. குத்துச்சண்டையில் இதற்கு அரைகுறை முயற்சிகள்தான் உண்டு. டபிள்யூபிசி சண்டைக்கு 30 நாள் முன்பு எல்லைக்கு மேல் 10 சதவீதம், 7 நாள் முன்பு 5 சதவீதம் என்று படிப்படியாக எடை பார்க்கிறது. ஐபிஎஃப் பட்டச் சண்டைகளில் சண்டை நாள் காலையில் மறுபடி தராசு வைத்து, எல்லையைவிட 10 பவுண்டுக்கு மேல் ஏறியிருக்கக்கூடாது என்று விதி வைத்தது. சில சண்டைகளில் ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதிவிடுகிறார்கள், 2023-இல் ஜெர்வாண்டா டேவிஸ் - ரயன் கார்சியா சண்டை மாதிரி.

இந்த மறு எடை விதிக்கும் ட்ரிப்ஸ் விதியின் கதிதான். 2017 மார்ச்சில் டேனியல் ஜேக்கப்ஸ் கொலோவ்கினோடு மோதியபோது ஐபிஎஃபின் காலைத் தராசுப் பக்கமே போகவில்லை. அந்த ஒரு பட்டத்துக்கு மட்டும்தான் அவர் தகுதி இழந்தார், மற்ற பட்டங்களுக்கான சண்டை வழக்கம்போல நடந்தது. இரண்டு வருடம் கழித்து கனெலோ அல்வாரஸோடு மோதியபோது ஒப்பந்தப்படி சண்டை நாள் காலையில் 170 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். ஜேக்கப்ஸ் 173.6 இருந்தார், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடி பெரிய அபராதம், அன்று இரவே பன்னிரண்டு சுற்றும் ஆடிப் புள்ளிகளில் தோற்றார்.